பட்டு நெய்கிற வீட்டுக்கு ஏற்ற பிராணி

“எதுனாலும் கேளு, வாங்கித் தரேன்” என்று கலியாணசுந்தரம் வாயை விட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். தறியில் உட்கார்ந்தவர் தறியைப் பார்த்திருக்கலாம். மகள் சங்கீதா சென்னைக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த மனைவி இந்திராணியின் முகம் வாடிக் கிடந்தது. அதைப் பார்த்து மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தனக்கென்று அவள் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. கேட்டால்தான் என்ன கேட்டுவிடப் போகிறாள்? ஒரு மூக்குத்தி, ஒரு திருப்பதி, மிஞ்சிப் போனால் ஒரு வாஷிங் மெஷின்.

“பாம்பு” என்றாள் இந்திராணி.

நாடா அவர் கையிலேயே நின்றுவிட்டது. “இன்னாது?”

“பாம்புங்க. கார்ன் ஸ்னேக்குன்னு ஒண்ணு இருக்குது. சங்கீதாகூட வேலை செய்யற பையன் தினேஷு வளர்க்கிறானாம். குட்டி ஒண்ணு தரேன்றானாம். போட்டோ அனுப்பியிருக்கா, பாருங்களேன்.”

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கலியாணசுந்தரம் பார்க்கவில்லை. பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, போனுக்கு மேலே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். பாம்பென்றால் அவருக்கு உயிரே போய்விடும். வேப்பமரத்தடி நாகக்கல்லுக்கே மூன்றடி தள்ளி நின்று, கண்ணை இறுக மூடிக் கும்பிடுகிறவர். அதைப் பக்தி என்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையமே நம்பிக்கொண்டிருக்கிறது. டிவியில் பாம்பு வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். மொட்டை மாடியில் சுருண்டு கிடந்த தண்ணீர் டியூபைப் பார்த்து ஒருமுறை நாலு படி பின்பக்கமாகவே இறங்கியிருக்கிறார். இது ஒரு ஜீவனுக்கும் தெரியாது. இந்திராணிக்கு மட்டும் தெரிந்தால் அந்த நிமிஷமே “வேணாங்க” என்று விட்டுவிடுவாள். முகம் கோணாமல் விட்டுவிடுவாள். அதுதான் அவருக்குத் தாங்காது. முதல் தடவையாக வாய் திறந்து ஒன்று கேட்டிருக்கிறாள், அதையும் பிடுங்கிக்கொள்வதா?

“சரி, வாங்கிக்கயேன்” என்றார். குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது.

ஏன் பாம்பு என்று கேட்டால் இந்திராணியிடம் நியாயம் தயாராக இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஏதாவது ஒரு பிராணி வளர்க்க ஆசை. ஆனால் பிறந்ததும் தறி வீடு, வாழ்க்கைப்பட்டதும் தறி வீடு. பூனை வளர்க்கலாமென்றால், தறியில் நீளமாக விரித்துக் கட்டிய பாவு நூலின் மேல் அது ஒரு தாவு தாவினால் போதும், நூறு இழை அறுந்து தொங்கும். நாய் வளர்த்தால் முடி கொட்டும். பட்டோடு சேர்ந்து நெய்துபோன நாய்முடியைக் கடைக்காரர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். கிளி எச்சம் போடும், முயல் கண்டதைக் கொறிக்கும். “பாம்புக்கு முடி கெடையாது, நகம் கெடையாது, கத்தாது, நாறாது. பட்டு நெய்யற வூட்டுக்குன்னே கடவுள் படைச்சா மாதிரி இருக்குது” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த நியாயத்தில் ஓட்டை போடக் கலியாணசுந்தரத்தாலும் முடியவில்லை.

அதற்காக மனுஷன் முயற்சி செய்யாமல் இல்லை. அன்று மாலையே மகளுக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, பாம்ப வூட்டுல வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதில்ல?” குரலில் அவ்வளவு நம்பிக்கை.

“அது நம்ம ஊர்ப் பாம்புக்குப்பா. இது அமெரிக்கப் பாம்பு, தினேஷ் வீட்டுலயே முட்டை பொரிஞ்சு வந்தது. பேப்பர் எல்லாம் பக்காவா வெச்சிருக்கான். விஷம் கிடையாது. வளர்ந்தாலும் நாலஞ்சு அடிதான்.”

நாலஞ்சு அடி‘தான்’! “எத்தினி வருஷம் உயிரோட இருக்கும்?”

“நல்லா பார்த்துக்கினா இருபது வருஷம் இருக்கும்பா.”

கலியாணசுந்தரத்துக்கு வயது ஐம்பத்துமூன்று. மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

குட்டி வருவது அடுத்த வார ஞாயிறு என்று முடிவாயிற்று. அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும். இந்திராணி ஒரு பட்டுக் கடையில் சொல்லிவைத்து, அவர்கள் ஒதுக்கிப் போட்டிருந்த கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். கல்யாணப் பொம்மைக்குச் சேலை சுற்றிக் காட்சிக்கு வைத்திருந்த பெட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், முன்பக்கம் நகர்த்தித் திறக்கிற மாதிரி இரண்டு கண்ணாடி. உள்ளே பழைய பேப்பர் விரித்தாள். உடைந்த பானை ஓடு இரண்டை விளிம்பு தேய்த்து, பாம்பு ஒளிந்துகொள்ள இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கவிழ்த்தாள். கனமான பீங்கான் கிண்ணம் ஒன்றில் தண்ணீர்.

இங்கேதான் கலியாணசுந்தரத்துக்கு ஒரு யோசனை வந்தது. குறை சொல்வது. நெசவுக்காரனுக்குக் குறை கண்டுபிடிக்கவா சொல்லித்தர வேண்டும்? ஆயிரக்கணக்கான இழையில் எந்த ஒன்று தளர்ந்திருக்கிறது என்று தடவியே சொல்லிவிடுகிற விரல். இந்தப் பெட்டி எம்மாத்திரம்! நாலு குறை சொன்னால் சலித்துப்போய் அவளே விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

“இந்திரா, இங்க பாரு. ரெண்டு கண்ணாடியும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுற எடத்துல சந்து இருக்குது. குட்டி பென்சில் கனம்தான் இருக்கும்னு சொன்னல்ல? இது வழியா ராஜா மாதிரி வெளியில வந்துடும்.”

இந்திராணி குனிந்து பார்த்தாள். “அட, ஆமாங்க!” மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் ரப்பர் பட்டை வாங்கிவந்து சந்தை அடைத்தாள். கூடவே ஒரு பூட்டு.

“மேல கொசுவலை அடிச்சிக்கிறியே, முட்டித் தள்ளினா பிஞ்சிடும்.” கொசுவலை போய் இரும்பு வலை வந்தது. “இந்த மூலையில ஆணி எழும்பி இருக்குது.” ஆணி போய்த் திருகாணி வந்தது. “ஒயர் போற ஓட்டை?” அடைத்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. “எவ்ளோ அக்கறை பாரேன் உங்கப்பாவுக்கு. ராத்திரியெல்லாம் அந்தப் பெட்டியப் பத்தியே யோசிச்சிக்கினு இருக்காரு” என்று மகளிடம் போனில் பெருமை பேசினாள். போட்டோவைப் பார்த்த தினேஷ், தன்னிடம் இருக்கிற பெட்டிகளே இவ்வளவு பத்திரமாக இல்லை என்று செய்தி அனுப்பினான். கலியாணசுந்தரம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கடைசியாகச் சாப்பாட்டில் பிடித்தார். “எலிய எங்க வெப்ப?”

“தினேஷே ஐஸ்ல வெச்ச குட்டி எலியாக் கொண்டாறான். வாரத்துக்கு ஒண்ணுதான். ஃப்ரீசர்ல தனி டப்பா.”

“கிருத்திகைக்கு வெங்காயம்கூட சேக்காத வூட்டுல, ஃப்ரீசர்ல எலியா?”

“போன வருஷம் புதுப் பட்டு நூல எலி கடிச்சுப் போட்டுதே, அன்னிக்கி நீங்க அத்த இன்னா திட்டுத் திட்டினீங்கன்னு தெருவே கேட்டுது. இப்ப இன்னா திடீர்னு பாசம்?”

“அப்ப வூட்டு எலியவே புடிச்சுப் போடேன்.”

“கூடாதாம். அதுக்கு இருக்கிற நோவு இதுக்கு ஒட்டிக்குமாம். உயிரோட போட்டா எலியே பாம்பக் கடிச்சிடுமாம்.”

பாம்பைக் கடிக்கிற எலி! அப்படியொரு தைரியம் தனக்கு ஆண்டவன் தரவில்லையே என்று கலியாணசுந்தரத்துக்கு அந்த எலியின் மேல் பொறாமையாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டுத் தில்லையம்மாள் ஒரு சொம்புப் பாலோடும் இரண்டு முட்டையோடும் வந்து நின்றாள். வரப்போகிற நாகத்துக்காம்.

“பாம்பு பால் குடிக்காதுக்கா. தண்ணிதான்” என்றாள் இந்திராணி.

“முட்டை?”

“இதுக்கு அதுவும் வேணாம்.”

“மஞ்ச குங்குமமாவது வெக்கலாமாடி?”

“மஞ்சத்தூள் மூக்குல ஏறிடும்கா, பாவம்.”

“இன்னாடி பாம்பு இது, ஒண்ணத்தையும் வாங்கிக்காதாம்!” என்று தில்லையம்மாள் நொந்துகொண்டாள். அந்தப் பாலில் காபி போட்டு மூன்று பேரும் குடித்தார்கள். முட்டையைத் தில்லையம்மாள் திருப்பி எடுத்துப் போய்விட்டாள்.

ஆக, எல்லாம் தயார். கலியாணசுந்தரத்தின் கையில் ஒரு குறையும் மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்து வெயில் அவருக்குக் கை கொடுத்தது.

அக்னி நட்சத்திரம். காஞ்சிபுரத்து வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போன் வீடியோவில் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பாம்புக்குச் சூடு எப்படி உண்டாக்குவது என்றுதான் சொல்லித்தருகிறார்கள். சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. புதன்கிழமை மதியம் இந்திராணி சூடும் ஈரப்பதமும் காட்டுகிற ஒரு குட்டி மானியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு காட்டியது.

“முப்பத்திமூணத் தாண்டினாலே ஆபத்தும்மா” என்றாள் சங்கீதா போனில். “அதால வேர்த்துக்க முடியாது. ஒரு பக்கம் முப்பது வரைக்கும் இருக்கலாம், இன்னொரு பக்கம் கண்டிப்பா குளுமையா இருக்கணும்.”

இந்திராணி மானியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தாள். சமையலறை முப்பத்தேழு. கட்டிலுக்கு அடியில் முப்பத்துநாலு. சாமி அலமாரிக்குக் கீழே முப்பத்தைந்து. குளியலறையில் குளுமை இருந்தது, ஆனால் அங்கே நாளெல்லாம் ஈரம் சொட்டும். ஏசி போடலாமென்றால் கூடமும் தறியும் ஒரே இடம். ஏசிக் காற்றில் பாவு காய்ந்து இழை படபடவென்று அறுந்துவிடும். வியாழக்கிழமையும் அலைந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேணாங்க” என்றாள். “வாயில்லா ஜீவன். நம்ம ஆசைக்கு அத்த வேக வெச்சுடக் கூடாது. சாயந்திரம் சங்கீதாகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்.”

கலியாணசுந்தரத்துக்கு நெஞ்சுக்குள் சந்தோஷம் பொங்கியது. பொய் சொல்வானேன், துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தன்மேல் ஒரு பழியும் இல்லை, வெயில் பார்த்துக்கொண்டது. “இன்னா பண்றது, நம்ம ஊரு அப்பிடி” என்று ஆறுதல்கூடச் சொன்னார். போய்த் தறியில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டார்.

உள்ளங்காலில் ஜில்லென்று ஏறியது.

அவருக்குத் தெரியும். இரண்டு நாளாகவே தெரியும். தறிக்குழி என்பது தரைக்குள் இடுப்பளவு தோண்டிய பள்ளம். நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு மிதியை மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் பாவு இரண்டாகப் பிரிந்து நாடாவுக்கு வழி திறக்கும். சித்திரையில் ஊரே வெந்தாலும் குழிக்குள் மண் குளிர்ந்தே இருக்கும். நாற்பது வருஷமாக அவர் கால் அந்தக் குளிரில்தான் கிடக்கிறது. அவருடைய குழி, அப்பா காலத்தில் இரண்டு பேர் கால்விடும்படி தோண்டியது. வலது பாதி சும்மாதான் கிடக்கிறது. இரண்டடிப் பெட்டி தாராளமாக இறங்கும். அவர் காலுக்குப் பக்கத்தில். கண்ணுக்குத் தெரியாத இருட்டில்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

நாடாவைத் தள்ளினார். ஒற்றை நிறத்தில் கொஞ்ச தூரம் நெய்யலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்வது கோர்வை. கரை நாடாவைத் தள்ள வலப்பக்கம் இந்திராணி இல்லாமல் ஒரு வரிகூட ஏறாது. அவள் வரட்டும் என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். பேப்பரை மடித்தாள். பானை ஓடுகளை வாசலில் வைத்தாள். பீங்கான் கிண்ணத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினாள். அதில் ஒன்றுமே ஒட்டவில்லை, வெறும் தண்ணீர் இருந்த கிண்ணம். அதை ஒருமுறை கழுவி, திரும்பவும் கழுவி, கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவர் பேசாமல் இருந்திருப்பாரோ என்னவோ.

‘சீ, நீயெல்லாம் ஒரு மனுஷன்’ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

“இந்திரா, அந்த மானிய இங்க குடு.”

“எதுக்குங்க?”

“குடுன்னா குடேன்.”

வாங்கிக் குழிக்குள் வைத்தார். பத்து நிமிஷம் இரண்டு பேரும் குழியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தார். “இருபத்தேழு.”

இந்திராணி வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். “ஈரப்பதம் அறுபது! சங்கீதா சொன்ன கணக்குக்குச் சரியா இருக்குதுங்க!” சின்னப் பெண் மாதிரி கையைத் தட்டிவிட்டு, கிண்ணத்தை மறுபடியும் எடுத்துவர ஓடினாள்.

அதற்குப் பிறகு கலியாணசுந்தரத்தைக் கேட்க ஆளில்லை. மிதிக்கிற அதிர்வு பாம்புக்கு ஆகாது என்று தினேஷ் சொல்ல, பெட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பும் அதன்மேல் பழைய மெத்தையும் போட்டாயிற்று. ஐப்பசி மழையில் குழியில் தண்ணீர் ஊறும், அப்போது பெட்டியை மேலே ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. “குழிய அவருதான் கண்டுபுடிச்சாரு” என்று இந்திராணி தெருவில் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னாள். அவர் சிரித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தினேஷ் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பைக்குள்ளிருந்து சின்னத் துணிப்பை ஒன்றை எடுத்தான். முடிச்சை அவிழ்த்துப் பெட்டிக்குள் மெல்லச் சாய்த்தான். ஒன்றேகால் அடி நீளம். மாம்பழ நிற உடம்பில் அரக்குப் புட்டா, புட்டாவைச் சுற்றிக் கறுப்பு ஓரம். “யாரு போட்ட டிசைன்டி இது, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குது!” என்று தில்லையம்மாளே வாயைப் பிளந்தாள். கலியாணசுந்தரம் எல்லாருக்கும் பின்னால் நின்று, சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தார். குட்டி நாக்கை நாலு முறை நீட்டிப் பார்த்துவிட்டுப் பானை ஓட்டுக்குள் புகுந்துகொண்டது.

“ஒரு வாரம் தொடாதீங்க ஆன்ட்டி. பழகட்டும். சாப்பாடும் அதுக்கப்புறம்தான்” என்று சொல்லிவிட்டுத் தினேஷ் கிளம்பினான். இந்திராணி பெட்டியைப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியோடு கோத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். அவர் எந்தப் பக்கம் பிடித்தார், எப்போது இறக்கினார் என்பது அவருக்கே நினைவில்லை.

திங்கட்கிழமை காலை தறியில் உட்கார்ந்தார். இடது காலை விட்டார். வலது காலை விட்டார். பெட்டியின் கண்ணாடி கணுக்காலில் பட்டது. முருகா என்று மிதித்தார்.

ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடியும் மிதித்தார். இன்னொன்று. எட்டு மணிக்குள் மூன்று இழை. அவர் கையில் அப்படி நடந்ததே கிடையாது. கால் நடுங்கினால் மிதி நடுங்கும், மிதி நடுங்கினால் பாவு நடுங்கும், பாவு நடுங்கினால் பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரியாமல் போகாது.

“இன்னாங்க, ஒடம்பு சரியில்லையா?”

“ஒண்ணுமில்ல.”

“காலு ஆடுது.”

“ஆடல.”

“பாவே ஆடுதுங்க.”

கலியாணசுந்தரம் நாடாவைக் கீழே வைத்தார். “எனக்குப் பாம்புன்னா பயம், இந்திரா.”

அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. “எப்பத்துலருந்து?”

“பொறந்ததுலருந்து.”

“அன்னிக்கி நானே வேணாம்னு வுட்டுட்டேனே! நீங்களே கூப்ட்டு இந்தக் குழிய ஏன் காட்டினீங்க?”

“நீ கிண்ணத்தக் கழுவிக்கினு நின்னியே. என்னால பாக்க முடியல.”

இந்திராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “தினேஷுக்குப் போன் பண்ணட்டா?” என்றாள்.

“வேணாம், இருக்கட்டும். பழகிடும்.”

“பாம்பா?”

“நானு.”

அவள் கரை நாடாவை ஓரமாக வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, மடித்து உட்கார்ந்திருந்த காலை நீட்டிக் குழிக்குள் இறக்கினாள். இடம் நெருக்கம். பெட்டியை ஓர் அங்குலம் தள்ளி, அவர் காலுக்கும் பெட்டிக்கும் நடுவில் தன் இரண்டு காலையும் நுழைத்து அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

“நடுவுல நான் இருக்கேன்” என்றாள். “மிதிங்க.”

மிதித்தார். பாவு சுத்தமாகத் திறந்தது.